குறையைக் கேட்டுப் பெறுதல்

மக்தபில் பதினெட்டு ஆண்டுகளாகக் குர்ஆன் ஓதக் கற்பித்து வருகிறேன். "என் பாடம் எப்படி இருக்கிறது, ஹஜ்ரத்?" என்று மூத்த ஆசிரியரிடம் கேட்கும்போதெல்லாம், "மாஷா அல்லாஹ், நன்று" என்பார்கள். மனம் குளிரும், திருத்திக்கொள்ள அதில் ஒன்றும் இராது.

சென்ற ஆண்டு ஒரு சிறுவன் சத்தமாக ஓதுவதையே நிறுத்திவிட்டான். அப்போது கேள்வியை மாற்றினேன். "நாளை மஃக்ரிபுக்குப் பின் கால் மணி நேரம் அமர்ந்து, நான் பிழை திருத்தும் முறையை மட்டும் கவனியுங்கள். ஒரு குறையேனும் சொல்லுங்கள்."

மறுநாள் ஹஜ்ரத் சொன்னார்கள்: "தம்பி, பிள்ளை 'ஐன்' எழுத்தில் தடுமாறும் கணமே நீங்கள் குறுக்கிடுகிறீர்கள். தன் பிழையைத் தானே உணர அவனுக்கு அவகாசம் இல்லை."

சமாதானங்கள் நாவின் நுனிவரை வந்தன. விழுங்கிக்கொண்டு, "ஜஸாக்கல்லாஹு கைரன்" என்றேன்.

இப்போது ஆயத் முடியும்வரை காத்திருக்கிறேன். பிறகு, "எந்த எழுத்தில் தடுமாறினாய்?" என்று அவனிடமே கேட்கிறேன். சில வாரங்களில் அவன் குரல் மீண்டது, அல்ஹம்துலில்லாஹ்.

கி.பி. 632இல் கலீஃபாவாகப் பொறுப்பேற்ற அபூபக்ர் (ரலி) அவர்கள், தாம் தவறினால் நேர்ப்படுத்துமாறு முதல் உரையிலேயே மக்களை வேண்டினார்கள். அவர்களே கேட்டிருக்க, நாம் பாராட்டோடு வீடு திரும்பலாமா? அலுவலகமோ கடையோ, எதைப் பற்றி அறிய வேண்டுமோ அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்; பதில் வந்தபின் வாதிடாதீர்கள். நம் குறைகளைக் காட்டித் தருவோரை அல்லாஹ் நமக்கு அருள்வானாக.