ஏழு மெயின், ஆறு ராட்

சனி, இரவு

கிராங்கைக் கழற்றி மேசைமேல் கிடத்தியாயிற்று. 1971ஆம் ஆண்டின் டட்சன் 240இசட். எல்24 எஞ்சின், 2393 சிசி, ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர். ஏழு மெயின் பேரிங் இருப்பதால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரு பக்கமும் கிராங்குக்குத் தாங்கல் உண்டு. கிராங்கும் வார்ப்பு இரும்பு அல்ல, அடித்து உருவாக்கிய எஃகு. நிசான் அந்தக் காலத்திலேயே இவ்வளவு செய்து வைத்திருக்கிறதே என்று ஒவ்வொரு முறையும் மனம் நிறைகிறது.

பழைய ஷெல்களைத் துடைத்து, இருந்த வரிசை மாறாமல் அட்டையில் அடுக்கினேன். வெடிப்பின் அழுத்தம் மெயினில் கீழ்ப்பாதி மேலும் ராட்டில் மேல்பாதி மேலும் விழும்; அந்தப் பாதிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மெயின் ஏழும் சாம்பல் நிறத்தில் சீராகத் தேய்ந்திருக்கின்றன. மூன்றாவது ராட்டின் மேல்ஷெல்லில் மட்டும் சாம்பல் பூச்சு போய்ச் செம்பு தெரிகிறது. நடுவே நகத்தில் தட்டுகிற ஒரு கீறல். ஜர்னலிலும் அதே இடத்தில் அதே கீறல். எண்ணெயோடு வந்த ஏதோ ஒரு துகள் செய்த வேலை.

ஞாயிறு

கோவையிலிருந்து அண்ணன் போன். "பேரிங் எந்தக் கம்பெனின்னு முடிவு பண்ணிட்டியாடா?"

"இன்னும் அளக்கவே இல்லைண்ணே."

"அப்ப கம்பெனி பேச்சே வேண்டாம். அளந்துட்டுக் கூப்பிடு."

லேத் ஓட்டியவர் பேச்சு அப்படித்தான் இருக்கும். மைக்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நிசான் கையேட்டில் மெயின் ஜர்னல் 54.942 முதல் 54.955 மி.மீ. வரை. ஏழும் அதற்குள் நிற்கின்றன. அத்தனை வருடம் ஓடிய பிறகும்! ராட் ஜர்னல் 49.961 முதல் 49.974 வரை இருக்க வேண்டும். ஐந்து சரி, மூன்றாவது தேறாது. ஒன்றை மட்டும் கிரைண்ட் செய்தாலும் ஓடும்தான். ஆனால் ஷெல் ஆறுக்கும் சேர்த்து ஒரே செட்டாக வருகிறது, நாளைக்கு இன்னொருவர் பிரித்தால் எது எந்த சைஸ் என்று குழம்புவார். ஆறையும் 0.25 குறைக்கிறேன். மெயினுக்கு ஸ்டாண்டர்ட்.

செவ்வாய்

இப்போதுதான் கம்பெனி. அதற்கும் முன்னால், உலோகம்.

இரண்டு வகை கிடைக்கிறது. ஒன்று, எஃகு முதுகின் மேல் வெள்ளீயமும் சிலிக்கானும் கலந்த அலுமினியம். சிலிக்கான், ஜர்னலை ஓடும்போதே மெருகேற்றும். கிராபைட் முனைகள் துருத்தி நிற்கும் வார்ப்பிரும்புக் கிராங்குக்கு அது பெரிய உதவி. நம்முடையது எஃகு, அந்த உதவி தேவையில்லை. இன்னொன்று மூன்றடுக்கு: எஃகு, அதன் மேல் செம்பு-ஈயம், அதற்கும் மேல் 0.02 மி.மீ.யை ஒட்டிய கனத்தில் ஈயமும் வெள்ளீயமும் கலந்த மென்பூச்சு. இந்தப் பூச்சு தன் மேல் விழும் துகளைப் பிசைந்த மாவு மாதிரி உள்ளே வாங்கிக்கொள்ளும், ஜர்னலைக் கீறவிடாது.

ஐம்பது வருட எஞ்சின் இது. எண்ணெய் வழிகளை எத்தனை பிரஷ் விட்டுக் கழுவினாலும் ஒரு பொடிகூட இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஏழு மெயின் துளைகளும் மயிரிழை பிசகாமல் ஒரே கோட்டில் இருக்கும் என்றும் எதிர்பார்க்க முடியாது. விட்டுக்கொடுக்கிற உலோகம்தான் வேண்டும். ஆகவே மூன்றடுக்கு.

இதில் கவனிக்க இன்னொன்று இருக்கிறது. 2000இல் ஐரோப்பிய ஒன்றியம் கார்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டது. அதன்பின் பல பேரிங்குகளில் ஈயத்தின் இடத்துக்குப் பிஸ்மத்தும் பாலிமர் பூச்சும் வந்தன. புது எஞ்சின்களுக்கு அவை நன்றாகவே உழைக்கின்றன. ஆனால் கடினம் கூடக்கூடத் துகளை வாங்கும் குணம் குறைகிறது. எல்24 பிறந்தது ஈயப் பூச்சுக் காலத்தில்; பெட்டியின் பெயரைவிட இதைத்தான் கடைக்காரரிடம் முதலில் கேட்டேன்.

ஜப்பானில் டைடோ மெட்டல் 1939இலிருந்து இருக்கிறது. டொயோட்டா பக்கம் டைஹோ. கார் கம்பெனிக்கே ஷெல் கொடுத்தவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். மெயினுக்கு ஜப்பான் செட். ராட்டுக்கு டாஸ்மேனியாவில் வேர்விட்ட ஏசிஎல்.

அடுத்த வெள்ளி

ஷெல் வந்துவிட்டது. கிராங்க் இன்னும் கிரைண்டிங்குக்குப் போகவில்லை, வேண்டுமென்றேதான். ஷெல்லை ராட்டில் பூட்டி, போல்ட்டை முழு டார்க்கில் முறுக்கி, உள்விட்டத்தை அளந்த பிறகுதான் ஜர்னலை எவ்வளவுக்கு இறக்குவது என்று சொல்ல முடியும்.

ஒவ்வொரு ஷெல்லின் முதுகிலும் சைஸ் முத்திரையைப் பார்த்தேன். மெயினில் எண்ணெய்த் துளை பிளாக்கின் துளையோடு நேராக வருகிறதா என்று வைத்துப் பார்த்தேன். நடுவில், நான்காவது இடத்தில், பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்கும் விளிம்பு வைத்த ஷெல்.

அளப்பது செங்குத்தாக மட்டும். ஷெல்லின் சுவர் நடுவில் கனம், இணைப்பை நோக்கி மெலிவு. குறுக்கே வைத்தால் அதிக இடைவெளி காட்டி ஏமாற்றும். உள்விட்டம் 49.756. கையேடு கேட்கும் இடைவெளி 0.025 முதல் 0.055 வரை. 0.040 போதும் என்று முடிவுசெய்து, ஜர்னல் 49.716 என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். கூடவே இரண்டு வரி: ஜர்னல் ஓரத்து வளைவைக் கூர்மையாக்க வேண்டாம், அங்கேதான் கிராங்க் வெடிக்கும், எண்ணெய்த் துளையின் வாயை மழுக்கிவிடவும்.

"கிளியரன்ஸ் கொஞ்சம் கூட வந்தா கெட்டி ஆயில் ஊத்திக்கலாமே" என்றார் அண்ணன். ஒத்துக்கொள்ளவில்லை. ஆயில் மாறும், கிளியரன்ஸ் அப்படியே நிற்கும்.

ஞாயிறு

கிராங்க் வந்தது, கழுவினேன், உட்கார்த்தினேன். மெயின் கேப் ஒவ்வொன்றும் 5 கிலோகிராம்-மீட்டர் டார்க்கில், நடுவிலிருந்து வெளியே. பிளாஸ்டிகேஜ் இழை ஏழு இடத்திலும் ஒரே அகலத்தில் நசுங்கியிருக்கிறது, சுமார் 0.05, கையேட்டின் 0.020–0.072க்குள். பக்கவாட்டு ஆட்டம் 0.11, அனுமதி 0.05 முதல் 0.18 வரை. பிளாஸ்டிகேஜைத் துடைத்து, எண்ணெய் தடவி, மறுபடி பூட்டினேன். ஒரு கையால் சுற்றினால் எங்கும் பிடிக்காமல் சுற்றுகிறது.

ஆயில் பம்ப் புதிதா பழையதா என்று அண்ணன் கேட்டிருக்கிறார். ரோட்டர் இடைவெளியை அளந்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.