ஓபர்காசல் குட்டி

1914இல் ஜெர்மனியின் பான் நகரை ஒட்டிய ஓபர்காசலில், கல் குவாரியில் ஒரு புதைகுழி வெளிப்பட்டது. ஓர் ஆண், ஒரு பெண், கூடவே நாய் எலும்புகள். சுமார் 14,000 ஆண்டுப் பழமை. விவசாயமே தொடங்காத காலம்.

அந்த நாய் ஏழு மாதக் குட்டி. டிஸ்டெம்பர் என்ற நோய் வந்து வாரக்கணக்கில் அவதிப்பட்டிருக்கிறது என்று பற்களை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அந்த நோய் கண்ட குட்டியைப் பார்த்துக்கொண்டவர்களுக்குத் தெரியும்: காய்ச்சல், வாந்தி, பேதி, வலிப்பு. துடைத்துவிட்டு, தண்ணீர் புகட்டி, யாராவது கூடவே கிடக்க வேண்டும். இன்றைக்கும் தடுப்பூசி உண்டே தவிர, நோயைக் கொல்லும் மருந்து கிடையாது.

வேட்டைத் துணைக்காகத்தான் மனிதன் நாயைச் சேர்த்துக்கொண்டான் என்பார்கள். இருக்கலாம். ஆனால் இந்தக் குட்டியால் எந்த வேட்டைக்கும் போயிருக்க முடியாது. நாளைக்கு உதவும் என்று கணக்குப் போட்டுத்தான் அதைப் பேணினார்கள் என்று யாராவது சொன்னால், நான் நம்புவதாக இல்லை.