தளபதிக் கதிரையில் ஒரு தமிழர்

கல்பிட்டியில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டையில் கடற்படையினர் இருக்கின்றனர். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சீருடை புதிய காட்சியல்ல. கடந்த தவணையில் ஒரு நாள் இஸ்லாம் பாடவேளையில் மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், தமிழ் பேசுற ஆக்கள் யாரும் ஆமிக்குப் பெரியாளா இருந்திருக்காங்களா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. க.பொ.த. பரீட்சை முடிந்ததும் படைக்கு விண்ணப்பிக்க அவனுக்கு ஆசை. வாப்பாவுக்கு விருப்பமில்லை.

"இருந்தார்" என்றேன். சிரிப்பு அடங்கியது.

அவர் பெயர் அன்ரன் முத்துக்குமாரு. 1908இல் பிறந்தவர். கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரியில் படித்து, ஒக்ஸ்போர்ட் சென்று, பாரிஸ்டராகத் திரும்பியவர். இவ்வளவு படித்தவர் அந்நாளில் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு நீதிமன்றத்தில் உழைத்துக் காணி பூமி சேர்ப்பதே வழக்கம். இவரோ 1934இல் இலங்கை இலகு காலாட்படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். இரண்டாம் உலக யுத்தத்தின்போது கண்டியில் இருந்த மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையகத்துக்குக் காவல் நின்ற படைக்கு இவரே பொறுப்பாக இருந்தார்.

சுதந்திரம் கிடைத்த வேளையில் நம் நாட்டுக்கென ஒரு நிரந்தர இராணுவம் இருக்கவில்லை. 1949 ஒக்டோபர் 10ஆம் திகதிதான் அது சட்டப்படி அமைந்தது. முதல் இரண்டு தளபதிகளும் பிரித்தானியர்: கெய்த்னஸ் பிரபு, அவருக்குப் பின் பிரிகேடியர் ரீட். 1955 பெப்ரவரியில் மூன்றாவதாக வந்தவர் முத்துக்குமாரு. இலங்கையர் ஒருவர் அந்தப் பதவியை ஏற்றது அதுவே முதல் தடவை. மேஜர் ஜெனரல் தரத்துக்கு உயர்ந்த முதல் இலங்கையரும் அவரே.

அவர் பதவியில் இருந்த காலம் இலேசான காலமல்ல. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1958 மே மாதம் கலவரம் மூண்டது. தமிழர் வீடுகள் எரிந்தன. மே 27ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமாகி, இராணுவம் தெருவுக்கு இறக்கப்பட்டது. கொழும்பில் அகதிகளாயிருந்த தமிழர்களைக் கப்பலில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப வேண்டிய நிலை. இத்தனைக்கும் நடுவே இராணுவத்தின் தலைமையில் இருந்தவர் ஒரு தமிழர். அவருக்குக் கீழே இருந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் சிங்களவர். அந்தப் படை உடையவில்லை, கலவரத்தை அடக்கியது. இந்த இடத்தை நான் பிள்ளைகளுக்கு இரண்டு தடவை சொன்னேன்.

1959 கடைசியில் அவர் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு கடற்படைத் தளபதியாக வந்த ரஜன் கதிர்காமரும் தமிழர்தான். 1970 வரை அவர் அப்பதவியில் இருந்தார். ஆனால் இடையில், 1962 ஜனவரியில், இராணுவ, பொலிஸ் உயரதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிட்டுப் பிடிபட்டனர். அவர்களில் பலர் கிறிஸ்தவர்கள். அதன் பின் படைக்கு ஆள் எடுக்கும்போது இனமும் மதமும் பார்க்கப்படலாயின. கதவு ஒரே நாளில் மூடவில்லை. மெல்ல மெல்லச் சாத்தப்பட்டது. நம் மலாய்ச் சகோதரர்களின் கதை சற்று வேறு. அவர்களுடைய முன்னோர் ஒல்லாந்தர் காலத்திலிருந்தே படையில் இருந்தவர்கள். அண்மைய யுத்தத்திலும் மலாய் அதிகாரிகள் உயிர் நீத்தனர். அதைத் தனியாகவே எழுத வேண்டும்.

அந்த வாப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து கல்பிட்டிக் கரையில் இறங்கியவர்களில் ஒன்பது வயதுச் சிறுவனாக நானும் இருந்தேன். துப்பாக்கி யார் கையில் இருந்தாலும் எங்கள் உம்மாமாருக்கு வயிறு கலங்கும். 2019 ஏப்ரலுக்குப் பின் வந்த மாதங்களையும் யாரும் மறக்கவில்லை. ஆயினும் "அங்கே நமக்கு இடமே இருந்ததில்லை" என்று பிள்ளைகள் நம்பி வளர்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அது வரலாறும் அல்ல.

தளபதி ஒருவர் பதவியை விட்ட பின் எப்படி வாழ்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். ஸைஃபுல்லாஹ் என்று பெயர் பெற்ற காலித் பின் வலீத் (ரழி) அவர்களைக் கலீஃபா உமர் (ரழி) தலைமையிலிருந்து இறக்கியபோது, அவர் முணுமுணுக்காமல் அபூ உபைதா (ரழி) அவர்களுக்குக் கீழே நின்று போரிட்டதை மத்ரஸாவில் ஓதிய எவரும் அறிவர். நம் காலத்தில் சரத் பொன்சேகா 2009இல் யுத்தத்தை முடித்து ஓய்வு பெற்று, 2010 ஜனவரியில் ஜனாதிபதித் தேர்தலில் தோற்று, பெப்ரவரியில் கைதாகி, 2012இல் விடுதலையாகி, 2015இல் பீல்ட் மார்ஷலானார். முத்துக்குமாருவின் ஓய்வுக்காலம் ஓசையில்லாதது. 1963 முதல் பாகிஸ்தானிலும், பின்னர் அவுஸ்திரேலியாவிலும் உயர்ஸ்தானிகராக இருந்தார். 1969இலிருந்து 1971 வரை எகிப்தில் தூதுவர். ஜமால் அப்துன் நாஸிர் மறைந்த காலம் அது. அரபு மக்கள் கெய்ரோத் தெருக்களில் கதறி அழுததை நம் உஸ்தாத்மார் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

1987இல், நாடு யுத்தத்தில் எரிந்துகொண்டிருந்தபோது, தமது எழுபத்தொன்பதாவது வயதை ஒட்டி, இலங்கையின் இராணுவ வரலாற்றை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். 2001இல் காலமானார். அவருக்குப் பின் இன்றுவரை தமிழர் ஒருவரோ முஸ்லிம் ஒருவரோ இராணுவத் தளபதியாகவில்லை.