பெரிய பாலமும் சின்னத் துறையும்



திருகோணமலைக்குப் போகப் 'பாதை'க்காக நாங்கள் காத்து நின்ற காலம் 2009 ஒக்டோபர் 20 உடன் முடிந்தது. அன்று திறந்த கிண்ணியாப் பாலம் 396 மீற்றர். அப்போது நாட்டிலேயே நீளமானது. சவூதி நிதியுதவியில் வந்தது. எங்கள் மீனும் தயிரும் நேரத்துக்கு டவுனுக்குப் போகின்றன, அல்ஹம்துலில்லாஹ். (அதில் நின்று செல்பி எடுக்காதவரும் உண்டோ!)

ஆனால் குறிஞ்சாக்கேணி? புதுப் பாலம் கட்டி முடியும்வரை மக்களுக்குக் கிடைத்தது ஒரு மிதப்புப் பாதை. 2021 நவம்பர் 23 காலையில் அது கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் மௌத்தானார்கள். பாலத்தில் கைவைக்கும் முன்பே பாதுகாப்பான மாற்றுவழி வேண்டும் என்பதற்குப் பொறியியல் படித்திருக்கத் தேவையில்லை.

மாரி வருகிறது. எங்கெல்லாம் நம் பிள்ளைகள் இன்னும் தோணியில் கடக்கிறார்களோ, அங்கே உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று பெற்றோர் கேளுங்கள். இல்லையென்றால் ஏற்றாதீர்கள்.