இன்னொரு ஏனம்

சங்கரன்கோவிலுக்கு வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காக வருவார்கள். ஆடித்தபசு ஒன்று, பிரியாணி மற்றொன்று. இவை இரண்டிலும் சேராத ஓர் உணவைப் பற்றி எழுத விழைகிறேன். வேலை முடிந்து களைத்து வந்த இரவில் ஒரே சட்டியில் செய்துவிடக்கூடிய சீஸ் மக்ரோனி.

மகள் கேட்டாள் என்பதால்தான் தொடங்கினேன். மனைவி வேலையிலிருந்து திரும்ப எட்டு மணியாகிவிடும். ஆகவே வாரநாள்களில் இரவுச் சமையல் என் பொறுப்பு. நான் படித்த செய்முறைகள் எல்லாம் ஒரு பாத்திரத்தில் மக்ரோனியை வேகவைக்கச் சொல்லின, இரண்டாவதில் குழம்பைக் காய்ச்சச் சொல்லின, மூன்றாவதில் இரண்டையும் கலந்து ஓவனில் வைக்கச் சொல்லின. எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. மூன்று பாத்திரங்களைத் தேய்க்கும் பொறுமையும் எனக்குக் கிடையாது. பாஸ்தா, தக்காளி, வெங்காயம், பூண்டு, தண்ணீர் அனைத்தையும் ஒன்றாகவே அடுப்பில் ஏற்றும் முறையொன்று 2013 ஜூனில் மார்த்தா ஸ்டூவர்ட்டின் அமெரிக்க இதழில் வெளியாகிப் பரவலாகப் பேசப்பட்டது என்று அறிந்தபோது, என்னைப் போன்ற சோம்பேறிகள் உலகெங்கும் இருக்கிறார்கள் என்ற ஆறுதல் பிறந்தது.

அடிகனமான சட்டியில் சிறிது எண்ணெய் விட்டு, இரண்டு வெங்காயத்தையும் ஆறு பல் பூண்டையும் வதக்குவேன். நான்கு பழுத்த தக்காளியை அரைத்து ஊற்றிப் பச்சை வாடை போனதும் கால் கிலோ மக்ரோனி, மூன்று தம்ளர் தண்ணீர், உப்பு, மிளகாய்த்தூள். மூடி வைத்து இடையிடையே கிளறினால் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் வெந்துவிடும். அரைத் தம்ளர் பால் விட்டுக் கிளறி, துருவிய சீஸை மேலே பரப்பி, சட்டிக்கு அடியில் தோசைக்கல்லை வைத்துச் சிறு தீயில் எட்டு நிமிடம். ஓவனின் சிறப்பு மேலிருந்தும் வெப்பம் இறங்குவதுதான். தம் போடுகிறவர்கள் மூடியின்மேல் கங்கு அள்ளி வைப்பதும் அதற்காகத்தான். எனக்கு அந்த வசதி இல்லாததால் மேற்புறம் சிவக்காது, அடிப்புறம் சிவக்கும்.

வடிகஞ்சியோடு வெளியேற வேண்டிய மாவுச்சத்து சட்டியிலேயே தங்கிவிடுவதால் குழம்பு தானாகக் கெட்டிப்படுகிறது. கடையில் கிடைக்கும் பதப்படுத்திய சீஸே போதும். நெடுநாள் கெடாத சீஸை உருவாக்க முயன்று 1911-இல் சுவிட்சர்லாந்தில் வால்டர் கெர்பரும் ஃபிரிட்ஸ் ஸ்டெட்லரும் கண்ட வழி அது. அதில் சேரும் உப்புகள் உருகும்போது கொழுப்பையும் நீரையும் பிரியவிடுவதில்லை.

முதல்நாள் நான் சமைத்துக்கொண்டிருக்கையில் அம்மா வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இது கூட்டாஞ்சோறுல்லா?" என்றாள்.

திடுக்கிட்டுப் போனேன். எங்கள் நெல்லைச்சீமைக் கூட்டாஞ்சோறும் இதே தர்க்கத்தில் அமைந்ததுதான். துவரம்பருப்பு பாதி வெந்ததும் அரிசி, பிறகு கத்தரிக்காய், முருங்கைக்காய், வாழைக்காய், தேங்காய், சீரகம், மிளகாய், சின்ன வெங்காயம் அரைத்த விழுது, இறுதியில் முருங்கைக்கீரை. புளிக்கரைசலை முதலிலேயே விட்டால் பருப்பு வேகாது, காயும் விறைக்கும். ஆகவே அதற்கு எப்போதும் பிந்திய முறைதான். பருப்பு கரைந்து அனைத்தையும் பிணைத்துக்கொள்ளும். அங்கே சீஸ் செய்கிற வேலையை இங்கே பருப்பு செய்கிறது.

அம்மா அக்காலத்தில் விசைத்தறிக்குத் தார் சுற்றப் போய்க்கொண்டிருந்தாள். மின்சாரம் நின்றால் வேலை நிற்கும். வந்தால் இரவானாலும் போக வேண்டும். அப்படி அவள் பிந்தி வந்த நாள்களில்தான் வீட்டில் கூட்டாஞ்சோறு. கைவிரல்களில் நூல் அறுத்த கோடுகளோடு அவள் பரிமாறுவாள். சட்டியின் அடியில் பிடித்த காந்தலுக்காக நாங்கள் சண்டையிடுவோம். கல்லூரி நாள்களில் அதைப் பற்றி ஒரு கவிதை எழுதிச் சிற்றிதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். அன்னையின் அன்பெல்லாம் ஒரு பானையில் குழைந்ததாக அதில் உருகியிருந்தேன். வெளியானதும் பெருமையோடு வாசித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மக்ரோனி வெந்துகொண்டிருந்த அந்த இரவில் அதை நினைவூட்டினேன். அம்மா சிரித்தாள்.

"பிரியமும் இல்ல, ஒண்ணும் இல்லல. இன்னொரு ஏனத்தக் கழுவ ஒடம்புல தெம்பு கெடயாது. அவ்வளவுதான்."

எத்தனை ஆண்டுகளாக அந்தப் பானையில் அன்பை மட்டுமே கண்டுகொண்டிருந்தேன்! களைப்பைக் கண்டதே இல்லை. அன்பென்று பெயரிட்டதால் அதைப் பகிர்ந்துகொள்ள வேண்டிய கடமையும் எனக்கு எழவில்லை. காந்தலைச் சுரண்டித் தின்றேனே தவிர, அந்த ஒரு ஏனத்தையாவது கழுவித் தரவேண்டும் என்று எனக்கோ அப்பாவுக்கோ ஒருநாளும் தோன்றியதில்லை. அவளிடம் தெம்பு இல்லாதது எங்கள் நாவில் சுவையாக வந்து இறங்கியிருக்கிறது.

அன்று பரிமாறும்போது மகள் சட்டியின் அடியில் சிவந்து ஒட்டியிருந்த சீஸைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அம்மா அதில் ஒரு துண்டை வாங்கி மென்றாள். உப்பு கொஞ்சம் கூடுதல் என்றாள். சாப்பிட்டு முடித்ததும், பழக்கம் விடாமல், சட்டியை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போகப் பார்த்தாள்.

நான் வாங்கிக்கொண்டேன். காந்தல் விட, வெந்நீர் ஊற்றி நெடுநேரம் ஊறவைக்க வேண்டியிருந்தது.