அவதானமும் பிரம்பும்

அவதானம் என்ற சொல்லுக்குத் தமிழ்ப் புலமை மரபிலே தனி மதிப்பு உண்டு. ஒரே வேளையில் எட்டு விடயங்களில் மனத்தைச் செலுத்தி, ஒன்றையும் தவறவிடாது விடை கூறியவரை அட்டாவதானி என்றனர். நூறு விடயங்களில் செலுத்தியவரைச் சதாவதானி என்றனர். புலோலி நா. கதிரைவேற்பிள்ளை (1871–1907) இன்றும் அப்பட்டத்தோடு சேர்த்தே நினைக்கப்படுகிறார். அவதானம் ஓர் ஆற்றல் என்பதையும், அது எல்லோருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை என்பதையும் அம்மரபு அறிந்திருந்தது. எமது வகுப்பறைகளோ அவதானத்தை ஒரு கடமையாக மட்டுமே கருதுகின்றன. அக்கடமையில் தவறும் பிள்ளைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘குழப்படிகாரன்’.

இச்சொல்லைச் சற்று உற்று நோக்குதல் தகும். பிள்ளை என்ன செய்தான் என்பதை அது சொல்வதில்லை. அவன் வேண்டுமென்றே செய்கிறான், விரும்பினால் நிறுத்திக்கொள்வான் என்ற முடிவு அதற்குள்ளே அடங்கிக் கிடக்கிறது. முடிவு இவ்வாறு முன்கூட்டியே அமைந்துவிட்டால், பின்னர் தண்டனை வருவதில் வியப்பில்லை. அடியாத மாடு படியாது என்ற பழமொழியைத் துணைக்கழைத்துக்கொள்ளவும் நாம் தயங்குவதில்லை.

வைத்திய விஞ்ஞானமும் நெடுங்காலம் இவ்வாறே தடுமாறியது. 1840களில் ஜேர்மனிய வைத்தியரான ஹொவ்மன் எழுதிய சிறுவர் பாடற் கதைகளிலே, உணவு மேசையில் ஒரு கணமேனும் அசையாதிருக்க முடியாத பிலிப் என்ற பையன் வருகிறான். மேசைவிரிப்பை இழுத்து அனைத்தையும் கவிழ்த்துவிடும் அவன், அடங்காத பிள்ளைக்கு எச்சரிக்கையாகவே படைக்கப்பட்டான். 1902 இல் லண்டனில் ஜோர்ஜ் ஸ்ரில் என்ற குழந்தை வைத்தியர் ஆற்றிய விரிவுரைகள் இத்துறையின் தொடக்கமெனப் பலராலும் கொள்ளப்படுவன. அறிவுக் குறைவு இல்லாதிருந்தும் தம்மை அடக்கியாள முடியாத பிள்ளைகளை அவர் கூர்ந்து கவனித்தார். காரணம் உடலிலே இருக்கக்கூடும் என்றும் ஊகித்தார். ஆயினும் அவர் சூட்டிய பெயர் ‘ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறைபாடு’ என்பதே. அவதானக் குறைபாடு என்ற பெயர் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைந்நூலில் இடம்பெறுவதற்கு 1980 ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. ஒழுக்கத்திலிருந்து அவதானத்துக்கு வந்துசேர ஏறக்குறைய எண்பது ஆண்டுகள்! எமது ஆசிரியர் ஓய்வறைகள் அத்தூரத்தை இன்னும் கடந்து முடிக்கவில்லை.

எமது பாடசாலைக்கு ஆறாந்தரத்தில் வந்து சேர்ந்த ஒரு மாணவனை இங்கே குறிப்பிடலாம். நாற்பது நிமிடப் பாடவேளையில் முதற் பத்து நிமிடத்துக்குள் அவன் பென்சிலை இருமுறை தீட்டுவான், பக்கத்துப் பிள்ளையின் அழிறப்பரை எடுப்பான், யன்னலோரம் போய்வருவான். வினாவை நாம் கேட்டு முடிக்குமுன் விடை வந்துவிடும். பெரும்பாலும் சரியான விடையாகவே இருக்கும். ஆனால் அவனது கொப்பியிலே முதல் வரி அழகாக இருக்கும், மூன்றாம் வரியில் எழுத்துகள் சரியும், ஐந்தாம் வரி இராது. ஒரு தவணைக்குள் இரண்டு தண்ணீர்ப் போத்தல்களையும் ஒற்றைச் செருப்பொன்றையும் தொலைத்தான். “உவனுக்கு அடி காணாது” என்பதே ஓய்வறையின் ஏகமனதான தீர்மானம். அதே பிள்ளை, பாடசாலை விட்ட பின் சந்தியிலுள்ள சைக்கிள் திருத்தும் கடையிலே இரண்டு மணித்தியாலம் குந்தியிருந்து நெளிந்த சில்லொன்றை நேராக்குவதை நாம் கண்டிருக்கிறோம். ஓய்வறையில் இதனைச் சொன்னபோது, “பார்த்தீர்களா, விரும்பினால் இருக்கிறான்!” என்று அதனையே அவனுக்கெதிரான சான்றாக்கினர்.

உண்மை வேறு. இப்பிள்ளைகளிடம் அவதானம் இல்லாமலில்லை. அதனை வேண்டிய இடத்திற் செலுத்தி, வேண்டிய நேரம் வரை நிறுத்திவைக்கும் ஆளுகையே தளர்ந்திருக்கிறது. கைக்கு உடனுக்குடன் பதில் தரும் சில்லு அவனைப் பிடித்து வைத்திருக்கும். மூன்று மாதங்களுக்குப் பின்வரும் தவணைப் பரீட்சை பிடித்து வைத்திராது. இவ்வாளுகைக்குரிய மூளைப் பகுதிகள் முதிர்ச்சியடைவதில் தாமதம் காணப்படுகிறது. 2007 இல் அமெரிக்காவில் வெளியான மூளைப் படிம ஆய்வொன்றிலே, மூளைப் புறணியின் தடிப்பு உச்சத்தை அடையும் வயது மற்றப் பிள்ளைகளில் இடைநிலையாக ஏழரை, இப்பிள்ளைகளிற் பத்தரை. ஆறாந்தரப் பிள்ளையிடம் மூன்றாந்தரப் பிள்ளையின் அடக்கத்தையே எதிர்பார்க்கலாம் என்று இதனைப் பருமட்டாக விளங்கிக்கொள்ளலாம். பரம்பரையின் பங்கும் பெரிது என்பதை இரட்டைப் பிள்ளைகள் பற்றிய ஆய்வுகள் காட்டியுள்ளன. மேற்சொன்ன மாணவனின் அப்பம்மா இவ்வாய்வுகளை அறியாதவர். “தேப்பனும் உப்பிடித்தான் திரிஞ்சவன்” என்று அவர் ஒரு வரியிற் கூறிவிட்டார்.

உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2007 இல் வந்த மதிப்பீடு, பிள்ளைகளில் ஏறக்குறைய 5 வீதத்தினருக்கு இக்குறைபாடு உண்டு என்றது. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் இருவர். ஒருவன் எல்லோர் கண்ணிலும் படுகிறான். மற்றப் பிள்ளை பெரும்பாலும் மூன்றாம் வரிசையில் அமைதியாக இருக்கும் சிறுமி. அவள் எழுந்து ஓடுவதில்லை, எவரையும் சீண்டுவதில்லை. பாடம் அவளைத் தொடாமலே கடந்து போகிறது. தேர்ச்சி அறிக்கையிலே ‘அமைதியானவள், முயற்சி போதாது’ என்று எழுதிக் கையொப்பமிடுகிறோம். துடியாட்டமின்றி அவதானக் குறைவு மட்டுமே உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதையும், பெண்பிள்ளைகளே அதிகமாகக் காணப்படாது போகிறார்கள் என்பதையும் அறிந்தவர்கள் எம்மிடையே மிகச் சிலர். பெண் அடங்கியிருந்தாற் போதும் என்று கருதும் சமுதாயத்திலே, அடங்கியிருக்கும் பெண்ணின் இடர் யாருக்குத் தென்படும்?

துடிக்கும் பிள்ளைகள் யாவரும் இக்குறைபாடு உடையவர் என்று கொள்வதும் பிழையே. காலையுணவின்றி வருபவனும், இரும்புச்சத்துக் குறைந்தவளும், காது மந்தமானவனும், ஒற்றை அறை வீட்டிலே நித்திரை கொள்ள முடியாதவனும் வகுப்பில் இவ்வாறே தோற்றமளிப்பர். வயதும் ஒரு காரணம். ஜனவரி 31 ஆம் திகதியில் 5 வயது நிறைவானவர்களை நாம் முதலாந்தரத்திற் சேர்க்கிறோம். அவ்வகுப்பிலே ஏறக்குறைய ஒரு வயது வித்தியாசமுள்ளவர்கள் ஒரே வாங்கில் இருக்கின்றனர். கனடாவின் பிரித்தானியக் கொலம்பியாவில் நடந்த ஆய்வொன்று 2012 இல் வெளியானது. வகுப்பில் இளையவர்களான டிசெம்பர் மாதத்து ஆண்பிள்ளைகள், ஜனவரியிற் பிறந்தவர்களைவிட 30 வீதம் கூடுதலாக இக்குறைபாடுடையவர் எனக் குறிக்கப்பட்டதை அது கண்டது. அங்கே குழந்தைத்தனமே நோயாகிவிட்டது. வடக்கிலோ நாம் எதற்கெடுத்தாலும் போரைக் காரணங் காட்டப் பழகிவிட்டோம். போரின் வடுக்கள் வீடுகளில் இருப்பது மெய். ஆனால் 2009 இன் பின் பிறந்த பிள்ளையின் கொப்பியைத் திறந்து பாராமலே அதன்மீது போரை எழுதிவிடுவதும் ஒருவகைச் சோம்பலே. குறைபாட்டை நிர்ணயிக்க வேண்டியவர் பயிற்சிபெற்ற வைத்தியர். குறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன் தோன்றியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், பாடசாலை, வீடு என ஓரிடத்துக்கு மேற்பட்ட இடங்களிற் காணப்பட வேண்டும் என்பன அவருக்குரிய விதிகள்.

மருந்து பற்றி எம் போன்றோரிடம் ஐயம் மிகுதி. 1937 இல் அமெரிக்க வைத்தியர் சார்ள்ஸ் பிறட்லி, பிள்ளைகளின் தலைவலியைத் தணிக்கக் கொடுத்த பென்செட்றின் என்னும் ஊக்கமருந்து, சிலரைப் பாடத்தில் அமர வைத்ததைத் தற்செயலாகக் கண்டார். அவ்வழியில் வந்த மெதயில்பெனிடேற்று இன்று பரவலாகப் பயன்படுகிறது. உரியவர்க்கு உரிய அளவிற் கொடுத்தாற் பலன் தருகிறது. 1990களில் அமெரிக்காவில் அதன் விற்பனை பன்மடங்கு பெருகியதிலே கம்பனிகளின் இலாபவேட்கைக்குப் பங்குண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அங்குள்ள மிகையைக் காட்டி இங்குள்ள இன்மையை நியாயப்படுத்தலாமா? வசதியுள்ள வீட்டுப் பிள்ளை நகரத்து நிபுணரிடம் போகிறது. கூலியாளின் பிள்ளை பிரம்பிடம் போகிறது. ஒன்பதாந்தரம் அளவிற் பாடசாலையை விட்டும் போகிறது.

உடற்றண்டனையைக் கல்வி அமைச்சின் 2005/17 ஆம் இலக்கச் சுற்றுநிருபம் தடுத்தது. அலுமாரிக்குப் பின்னாலிருக்கும் பிரம்பு அச்சுற்றுநிருபத்தை வாசிக்கவில்லை. தண்டனை எண்ணிப் பார்த்து அடங்கச் சொல்கிறது. எண்ணிப் பார்க்கும் அந்த இடைவெளியே இப்பிள்ளைக்கு வாய்க்கவில்லை. அடி தரும் ஒரேயொரு பாடம், தான் கெட்டவன் என்பது. அதனை மட்டும் அவன் மறப்பதில்லை.

வகுப்பறையிற் செய்யக்கூடியவை பணச்செலவற்றவை. முன்வாங்கில், யன்னலுக்கு அப்பால் இருத்துதல். ஒரு நேரத்தில் ஓர் அறிவுறுத்தல். பத்துக் கணக்குக்குப் பதில் மூன்று, அவை முடிந்ததும் உடனே ஒரு நல்ல சொல், பின்பு மற்ற மூன்று. எழும்ப வேண்டிய உடலுக்கு எழும்புவதற்கு வேலை கொடுத்தல். வரவு இடாப்பைக் காரியாலயத்துக்குக் கொண்டுபோகும் பொறுப்பு இப்போது அம்மாணவனுடையது; இன்னமும் அவன் அதனைத் தொலைக்கவில்லை. நாற்பது பேருக்கு ஒருவராய், பாடத்திட்டத்தை முடிக்க ஓடும் ஆசிரியரிடம் இவையெல்லாம் எதிர்பார்க்கத் தக்கனவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே; அதனை அவரிடம் கேட்பதிலும், வகுப்பின் அளவைத் தீர்மானிப்போரிடம் கேட்பது பொருத்தம்.

அவனை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்குக் கடிதம் எழுதினோம். குழப்படி என்ற சொல்லைத் தவிர்த்து, எத்தனை முறை எழுந்தான், எத்தனை வரி எழுதினான், எவற்றைத் தொலைத்தான், சில்லோடு எவ்வளவு நேரம் இருந்தான் என்பவற்றை மட்டுமே குறித்தோம். கிளினிக்குக்குப் போய்வர அவன் தாய்க்கு ஒரு நாட்கூலி இல்லாமற் போகும். கடிதத்தை வாங்கி மடித்த பின்னரும் அவர் நின்றார். “பிள்ளையின்ரை பிழையில்லை எண்டதை அவருக்கும் ஒருக்கா எழுதித் தருவியளோ, சேர்?” என்று தம் கணவரைக் குறித்துக் கேட்டார். அதனைத் தனித் தாளில் எழுதிக் கொடுத்தோம்.