நடுவில் நின்றவர்

மெல்பர்ன் மாநகரின் செயின்ட் கில்டா கடற்கரையில் லூனா பார்க் என்னும் கேளிக்கைப் பூங்கா உண்டு. அகலத் திறந்த பூத வாயே அதன் நுழைவாயில். உள்ளே, மரச்சாரத்தின்மேல் ஏறி இறங்கும் 'சீனிக் ரயில்வே' 1912 டிசம்பர் 13 அன்று திறக்கப்பட்டது.

வடம் உச்சிக்கு இழுத்துவிட்டபின் எந்திரத்துக்கு வேலையில்லை. வண்டி தன் எடையாலேயே பாய்கிறது. இக்கால ஊர்திகளைப்போல் தண்டவாளத்தைக் கீழிருந்து பற்றும் சக்கரங்கள் இதற்கு இல்லை. வேகம் மிஞ்சினால் பெட்டி எழும்பிவிடக்கூடும். ஆகவே ஒவ்வோர் ஓட்டத்திலும் பெட்டிகளின் நடுவே ஒருவர் நின்றவாறே வந்து, நெம்புகோலால் தடையிட்டு வேகத்தை அடக்குகிறார். இவ்வாறு ஓடுபவை உலகில் மிகச் சிலவே.

ஐம்பதைக் கடந்த நானும் ஏறினேன், வேண்டாத துணிச்சல்தான்! உச்சியில் போர்ட் பிலிப் விரிகுடா விரிந்து கிடந்தது. அதை நான் சரியாகப் பார்க்கவில்லை. என் கண்கள் அம்மனிதரின் கையின்மீதே இருந்தன. பள்ளத்தில் நாங்கள் அலறினோம். அவர் அடுத்த வளைவை நோக்கிக்கொண்டிருந்தார்.